சொல்லின் வாலைப் பிடியுங்கள்: மருத்துவ ரிப்போர்ட்டைப் பிரித்துப் படிக்கும் முறை

ஸ்கேன் சென்டரில் கவர் கைக்கு வந்ததும் ஓரமாக நின்று பிரித்துப் பார்க்காதவர் யாரும் இல்லை. உள்ளே 'லெஃப்ட் ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ்' என்று இருந்தால் பாதிப் பேர் அங்கேயே போனை எடுத்துத் தேடுவார்கள். தேடினால் முதலில் கிடைப்பது பயம். அந்தச் சொல்லைப் பிரித்தாலே போதும். ஹைட்ரோ என்றால் நீர். யூரிட்டர் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய். நெஃப்ரோ சிறுநீரகம், ஓசிஸ் ஒரு நிலை. கீழே எங்கோ அடைத்துக்கொண்டதால் சிறுநீர் தேங்கி, குழாயும் சிறுநீரகமும் உப்பியிருக்கின்றன. அந்தச் சொல் சொல்வது அவ்வளவுதான். எது அடைத்தது, எத்தனை நாளாக, இப்போது என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இல்லை. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான்.

இப்படிப் பிரிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஐம்பது அறுபது துண்டுகள் தெரிந்திருந்து, பள்ளியில் படித்த புணர்ச்சி இலக்கணம் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

முதலில் எழுத்துக்கூட்டல்

காதில் விழுந்ததை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். அச்சிட்ட ரிப்போர்ட்டைப் பார்த்து ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரேக்கத்திலிருந்து வந்த பல சொற்களில் முதல் எழுத்து ஊமை. நிமோனியாவை அகராதியில் 'என்' வரிசையில் தேடினால் கிடைக்காது, 'பி'யில் இருக்கிறது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் வரும் டெரிஜியமும் (கண்ணில் சதை வளர்வது) டோசிஸும் (மேல் இமை தொங்குவது) அதே 'பி' வரிசைதான். டெரிஜியத்தில் ஒளிந்திருப்பது 'இறக்கை' என்ற கிரேக்கச் சொல். கருவிழியை நோக்கி இறக்கை வடிவத்தில் சதை ஏறுவதால் அந்தப் பெயர். ஹெலிகாப்டரிலும் அதே இறக்கைதான். அதை 'ஹெலி-காப்டர்' என்று வெட்டுவது தவறு, 'ஹெலிகோ-ப்டர்', அதாவது சுழல்-இறக்கை என்பதே சரி.

எழுத்தைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், ஒலி ஒன்றாக இருந்து பொருள் வேறாகும் சொற்கள். 'இலியம்' என்று இரண்டு உண்டு. மூன்றாவது ஆங்கில எழுத்து 'ஈ' என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, 'ஐ' என்றால் இடுப்பெலும்பு. 'ஆன்டி'யும் அப்படித்தான். நான்காவது எழுத்து 'ஐ' என்றால் எதிர் (ஆன்டிபயாடிக்), 'ஈ' என்றால் முன் (ஆன்டிநேட்டல், பிரசவத்துக்கு முன்). தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு முழுக்க மறைந்துவிடுகிறது. தெருவில் அழைக்கும் ஆன்டியையும் சேர்த்தால் மூன்று. யூரிட்டர், யூரித்ரா இரண்டும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். முதலாவது சிறுநீரகத்திலிருந்து பைக்கு வருவது, அடுத்தது பையிலிருந்து வெளியே போவது. கல் எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வலியும் மாறும், சிகிச்சையும் மாறும்.

தேங்காய்ச் சட்னி விதி

தமிழ்க் கூட்டுச்சொல்லில் கடைசியில் நிற்பதுதான் பொருளின் தலை. தேங்காய்ச் சட்னி என்பது ஒரு சட்னி. சட்னித் தேங்காய் என்றால் அது தேங்காய், சட்னிக்காக எடுத்து வைத்தது. கிரேக்க மருத்துவச் சொற்களும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் விளக்கம் சொல்பவர்கள் சொல்லைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த வேலை இல்லை. ஆஸ்டியோ-மையல்-ஐட்டிஸ்: எலும்பு-மஜ்ஜை-அழற்சி. நெஃப்ரோ-லித்-இயாசிஸ்: சிறுநீரக-கல்-நிலை. எலக்ட்ரோ-கார்டியோ-கிராம்: மின்-இதய-வரைவு. துண்டுக்குத் துண்டு மாற்றி அதே வரிசையில் வைத்தால் தமிழ் தானாக வந்துவிடும்.

நடுவில் வரும் 'ஓ'வுக்குப் பொருள் தேடாதீர்கள். புளி, காய் இரண்டும் சேரும்போது புளியங்காய் என்று நடுவே 'அம்' சாரியை வருகிறதே, அதற்கென்று தனிப் பொருள் கிடையாது. வாய்க்கு இலகுவாக ஒட்டவைப்பதே அதன் வேலை. இந்த 'ஓ'வும் சாரியைதான். உயிரெழுத்தில் தொடங்கும் வால் வந்தால் அது ஓடிவிடும்: கேஸ்ட்ரோ, ஐட்டிஸ் சேர்ந்தால் கேஸ்ட்ரைட்டிஸ். வீடு, இல்லை சேர்ந்து வீடில்லை ஆகும்போது குற்றியலுகரம் ஓடுவது மாதிரி. மெய்யெழுத்தில் தொடங்கும் வால் என்றால் அப்படியே நிற்கும்: கேஸ்ட்ரோஸ்கோப்பி. இரண்டு உறுப்புப் பெயர்களுக்கு நடுவே மட்டும், அடுத்தது உயிரெழுத்தானாலும் 'ஓ' போகாது. கேஸ்ட்ரோ-என்டெர்-ஐட்டிஸ் (இரைப்பை-குடல்-அழற்சி) அப்படி வந்ததுதான்.

ஆகவே வெட்டும் வரிசை இது. முதலில் வாலைப் பிடியுங்கள், அதிலும் கிடைப்பதில் நீளமான வாலை. பிறகு முன்னால் 'ஹைப்பர்', 'டிஸ்' போன்ற ஒட்டு இருந்தால் கழற்றுங்கள். மிச்சம் இருப்பது உறுப்பு. நீளமான வால் என்று சொல்லக் காரணம், 'அப்பென்டிசெக்டமி'யில் கடைசியில் கேட்கும் 'டமி'யை மட்டும் வெட்டினால் 'குடல்வாலைக் கீறுவது' என்றாகிவிடும். உண்மையான வால் 'எக்டமி', வெட்டி வெளியே எடுப்பது.

வால்கள்

அதிகம் தொல்லை கொடுப்பவை இந்த மூன்றும்தான், காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும்: 'ஆட்டமி' கீறித் திறப்பது, 'எக்டமி' வெட்டி எடுப்பது, 'ஆஸ்டமி' புதிதாக ஒரு வாய் வைப்பது. 'டோமே' என்றால் கிரேக்கத்தில் வெட்டு, வெட்ட முடியாதது என்று எண்ணித்தான் அணுவுக்கு ஆட்டம் என்று பெயர் வைத்தார்கள். 'எக்' என்றால் வெளியே. 'ஸ்டோமா' என்றால் வாய். கோலெக்டமி என்றால் பெருங்குடலை எடுக்கிறார்கள். கோலாஸ்டமி என்றால் குடலின் ஒரு முனையை வயிற்றின் மேல் திறந்து பை மாட்டுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும்போது, ஆபரேஷன் பெயரின் கடைசி ஐந்தாறு எழுத்துகளை விரல் வைத்துப் படியுங்கள். 'எடுக்கப் போறீங்களா, வழி வைக்கப் போறீங்களா?' என்று கேட்பதில் தவறே இல்லை. தொண்டையில் மட்டும் வழக்கு கலந்துகிடக்கிறது, ட்ரக்கியாட்டமி, ட்ரக்கியாஸ்டமி இரண்டையும் ஒரே பொருளில் சொல்வார்கள்.

இன்னொரு ஜோடி, வீட்டில் போனில் பேசும்போது குழம்புவது. 'அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணணுமாம்' என்பார்கள். ஆஞ்சியோ என்றால் வெறும் இரத்தக்குழாய். கிராம் என்றால் பதிவு, படம். பிளாஸ்டி என்றால் வடிவமைத்தல் (பிளாஸ்டிக்கும் அதே வேர், நினைத்தபடி வார்க்கக்கூடிய பொருள்). ஆஞ்சியோகிராம் என்பது குழாய்க்குள் மருந்து செலுத்தி எங்கே அடைப்பு என்று படம் பார்ப்பது. ஆஞ்சியோபிளாஸ்டி என்பது பலூனால் அடைப்பை விரிப்பது, வேண்டுமானால் ஸ்டென்ட் வைப்பது. செலவும் வேறு, ஆபத்தும் வேறு. வாலைச் சொல்லாமல் 'ஆஞ்சியோ' என்று நிறுத்துபவரிடம் வாலைக் கேட்டு வாங்குங்கள். அதே வரிசையில் 'ஸ்கோப்பி' என்றால் குழாய் விட்டு நேரே பார்ப்பது, 'கிராஃபி' என்றால் படம் எடுக்கும் முறை.

'ஐட்டிஸ்' எல்லோருக்கும் தெரிந்த வால். கிரேக்கத்தில் அதற்கு 'அதைச் சேர்ந்த' என்பதுதான் பொருள். 'ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ்', மூட்டைச் சேர்ந்த நோய் என்று சொல்லிவந்து, நோய் என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். பிறகு அது அழற்சிக்கே உரிய வாலாகிவிட்டது. அழற்சி என்ற தமிழ்க் கலைச்சொல் மிக நல்ல ஆக்கம். அழல் என்றால் தீ, லத்தீன்காரர்களும் தீச்சுடரை வைத்துத்தான் இதற்குப் பெயர் சொன்னார்கள். சிவத்தல், வீங்கல், சூடு, வலி என்று நான்கு அடையாளங்களைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமானியர் எழுதி வைத்தார். கிருமி இருந்தால்தான் ஐட்டிஸ் என்று நினைக்காதீர்கள். அடிபட்டாலும், உடலின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கினாலும் ஐட்டிஸ்தான். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய 'மெட்ராஸ் ஐ' கூட ரிப்போர்ட்டில் கன்ஜங்டிவைட்டிஸ். இமையையும் விழியையும் இணைக்கும் சவ்வுக்குக் கன்ஜங்டிவா, 'இணைப்பது' என்று பெயர், அதில் அழற்சி.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஆல்ஜியா வலி. மெகலி பெருத்திருப்பது (ஹெபடோமெகலி: கல்லீரல் பெருத்திருப்பது). பதி நோய், இன்ன நோய் என்று திட்டமாகச் சொல்லாமல். ரியா ஓடுவது, டயரியாவில் இருக்கிற அதே ஓட்டம். லைசிஸ் கரைவது, பிரிவது. சென்டீசிஸ் ஊசி குத்தி நீர் எடுப்பது.

உறுப்புக்கு இரண்டு பெயர்

உடற்கூற்றை எழுதியவர்கள் லத்தீனில் எழுதினார்கள், நோய்ப் பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்தன. அதனால் ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் ஓடுகிறது. சிறுநீரகம் ரீனல் என்றும் வரும், நெஃப்ரோ என்றும் வரும். நுரையீரலுக்குப் பல்மனரி, நியூமோ. தோலுக்குக் க்யூட்டேனியஸ், டெர்ம். கருப்பைக்கு யூட்டரஸ், ஹிஸ்டர். மார்பகத்துக்கு மேமோ, மாஸ்ட். கட்டாய விதி என்று சொல்ல முடியாது, ஆனால் இடத்தைச் சொல்லும்போது லத்தீனும் (ரீனல் ஆர்ட்டரி), நோயையும் ஆபரேஷனையும் சொல்லும்போது கிரேக்கமும் (நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி) வருவது வழக்கம். ரிப்போர்ட்டின் முதல் பத்தியில் ரீனல் என்றும் முடிவில் நெஃப்ரோ என்றும் இருந்தால் இரண்டு உறுப்பில் கோளாறு என்று பதற வேண்டாம்.

ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் இதற்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. நெஃப்ராலஜி என்பது சிறுநீரகத்தை மருந்தாலும் டயாலிசிஸாலும் பார்க்கும் துறை. யூராலஜி சிறுநீர் போகும் பாதையின் அறுவைத் துறை. கல்லுக்கும் புராஸ்டேட்டுக்கும் யூராலஜி வரிசை. கிரியாட்டினின் ஏறினால், சிறுநீரில் புரதம் போனால் நெஃப்ராலஜி வரிசை. இரண்டு போர்டிலும் சிறுநீரகப் படம் போட்டிருப்பார்கள், காலை முழுக்க மாறி நின்றுவிட்டு மதியம் திரும்புவது சாதாரணம்.

'ஆர்த்தோ' என்றால் எலும்பு என்று ஊரே நம்புகிறது. ஆர்த்தோ என்றால் நேர். நிக்கோலா ஆன்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741-ல் குழந்தைகளின் கோணல் உடலை நிமிர்த்துவது பற்றி எழுதியபோது 'நேர்', 'குழந்தை' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆர்த்தோபீடிக்ஸ் என்று பெயர் வைத்தார். பல்லை நேராக்குபவர் ஆர்த்தோடான்டிஸ்ட் ஆவதும் அதனால்தான். எலும்பு ஆஸ்டியோ, மூட்டு ஆர்த்ரோ. ஆர்த்தோ, ஆர்த்ரோ இடையே உள்ள 'ர்' விழுந்தால் பொருளும் விழும். அதேபோல் மையோ தசை, மையலோ மஜ்ஜை அல்லது தண்டுவடம், மைக்கோ அல்லது மைசிட்டோ பூஞ்சை. மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

பித்தம் சம்பந்தப்பட்ட சொற்கள் ஒரு தனிக் குடும்பம். கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை. கோலிசிஸ்டைட்டிஸ் பித்தப்பை அழற்சி, கோலிலித்தியாசிஸ் பித்தக்கல். கொலஸ்ட்ராலின் தலையிலும் அதே பித்தம்தான். முதலில் பித்தக்கல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருள் என்பதால் 'பித்தத் திண்மம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். மெலன்கோலியா என்றால் கரும்பித்தம், மனம் சோர்ந்தவருக்குக் கரும்பித்தம் ஏறிவிட்டது என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். பித்துப் பிடித்தது, பித்தன் என்று நாமும் அதே பையிலிருந்துதான் எடுத்திருக்கிறோம்.

சிறுநீரகக் கல்லை 'கால்குலஸ்' என்று எழுதியிருப்பார்கள். லத்தீனில் கூழாங்கல். ரோமானியர்கள் கல்லை வைத்துக் கணக்குப் போட்டதால் கால்குலேட்டரும் அதன் பிள்ளை.

இரத்தப் பரிசோதனைத் தாள்

'ஈமியா' இரத்தத்தில், 'யூரியா' சிறுநீரில். (உரத்துக்கும் பரிசோதனைக்கும் பெயரான யூரியா வேறு, வேர் மட்டும் ஒன்று.) ஹைப்பர் கூட, ஹைப்போ குறைய. போனில் யாராவது வாசித்துக் காட்டினால் 'கூடவா குறையவா' என்று தமிழில் திருப்பிக் கேளுங்கள், அந்தக் கடைசி ஒலியை நம்ப வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு ஹைப்பர்கிளைசீமியாவுக்கும் ஹைப்போகிளைசீமியாவுக்கும் செய்ய வேண்டியது நேரெதிர்.

உப்புகளின் பெயர் லத்தீனில் வரும். நேட்ரியம் என்றால் சோடியம், கேலியம் என்றால் பொட்டாசியம். ஆகவே ஹைப்போநேட்ரீமியா சோடியம் குறைவு (வழக்கமான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லி ஈக்விவலன்ட்). ஹைப்பர்கேலீமியா பொட்டாசியம் மிகுதி (வழக்கம் 3.5 முதல் 5 வரை). இதை ஹைப்பர்கேல்சீமியாவோடு குழப்பிக்கொள்வது சர்வ சாதாரணம், அது கால்சியம், ஒரு டெசிலிட்டரில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம்வரை இருக்க வேண்டியது. லேபுக்கு லேப் எல்லை சற்று மாறும், தாளின் வலது ஓரத்தில் அச்சிட்டிருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் டெங்கு வந்தால் எல்லா வீட்டிலும் புழங்கும் சொல் த்ராம்போசைட்டோபீனியா. த்ராம்போ உறைவு, சைட்டோ செல், பீனியா வறுமை. கிரேக்கர்களுக்குப் பீனியா வறுமையின் பெண்ணுருவம், நம் மூதேவி மாதிரி. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் கீழ் போனால் இந்தச் சொல்லைப் போட்டுவிடுவார்கள். 1,40,000 இருந்தாலும் அதே சொல், 20,000 இருந்தாலும் அதே சொல். இதுதான் பிரித்துப் படிப்பதின் எல்லை. சொல் திசையைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. எண்ணைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பெயர் ஏமாற்றும் இடங்கள்

'ஓமா' என்று முடிந்தால் கேன்சர் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே அதிகமாக அழவைக்கும் தவறு. ஓமா என்றால் கட்டி, வீக்கம். லைபோமா வெறும் கொழுப்புக் கட்டி. ஹீமடோமா அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டிக்கொள்வது. மைசிட்டோமாவுக்கு 'மதுரா ஃபுட்' என்று இன்னொரு பெயர். 1842-ல் மதுரையில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர் பதிவு செய்ததால் நம் மதுரை அதில் ஒட்டிக்கொண்டது. வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் காலில் வரும் இந்த நோய் புற்று அல்ல. பெயரிலுள்ள 'பூஞ்சை'கூடப் பாதிதான் சரி, பாக்டீரியாவாலும் வரும். கார்சினோமா, சார்கோமா என்றால் புற்றுதான். மெலனோமா, லிம்ஃபோமா இரண்டும் லைபோமாவின் தம்பி மாதிரி ஒலித்தாலும் அவையும் புற்றுதான். இரத்தப் புற்றான லுக்கீமியாவுக்கு ஓமா வாலே இல்லை. ஆகவே ஓமாவைப் பார்த்தால் வாலை விட்டுவிட்டுத் துணைச்சொல்லைத் தேடுங்கள்: 'பினைன்' என்றால் பரவாதது, 'மாலிக்னன்ட்' என்றால் பரவக்கூடியது. புற்றுநோயில் கிரேக்கர்கள் நண்டைக் கண்டார்கள், நாம் கரையான் புற்றைக் கண்டோம்.

'க்ரானிக்' என்றால் முற்றிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். க்ரோனோஸ் என்றால் காலம், நெடுநாளாக இருப்பது என்று மட்டும் பொருள். 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது, அது லேசாகவும் இருக்கலாம். 'பாசிட்டிவ்' என்றால் தேடியது கிடைத்தது, 'நெகட்டிவ்' என்றால் கிடைக்கவில்லை, நல்லது கெட்டதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'இடியோபதிக்' என்ற கனமான சொல்லுக்கு நேர்ப் பொருள் 'தானே வந்த நோய்', அதாவது காரணம் யாருக்கும் தெரியவில்லை. தெரியாது என்பதைக் கிரேக்கத்தில் சொன்னால் கௌரவமாக இருக்கிறது.

'டயாபெடிஸ்' என்றால் கடந்து வழிந்து போவது, குடித்த நீரெல்லாம் நிற்காமல் போவதால். தமிழில் நீரிழிவும் அதேதான், இழிதல் என்றால் கீழிறங்கி வழிதல். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் சிறுநீரின் தித்திப்பைப் பற்றி எழுதினார். மெலிட்டஸ் என்றால் தேன் போன்றது. இங்கே அதற்கு வெகு முன்பே மதுமேகம் என்று பெயர் இருந்தது. 'டயாபெடிஸ் இன்சிபிடஸ்' என்று தாளில் பார்த்தால் சர்க்கரையை நிறுத்திப் பயனில்லை. இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது, அது சிறுநீரை அடக்கும் ஹார்மோன் சம்பந்தப்பட்ட வேறு நோய்.

சில பெயர்கள் பழைய தவறான நம்பிக்கையை அப்படியே சுமந்து நிற்கின்றன. மலேரியா என்றால் இத்தாலியத்தில் கெட்ட காற்று. 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்த பிறகும் காற்றின் மேல் போட்ட பழி பெயரில் நிற்கிறது. வைட்டமினுக்கு 1912-ல் காசிமிர் ஃபங்க் பெயர் வைத்தபோது எல்லாம் அமீன் என்ற வேதிப்பொருள் வகை என்று எண்ணினார். அது தவறென்று தெரிந்ததும் 1920-ல் கடைசி 'ஈ' எழுத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சமாளித்தார்கள்.

பிரியவே பிரியாத சொற்களும் உண்டு. சிக்குன்குனியாவைக் கத்தி வைத்து வெட்டிப் பயனில்லை. டான்சானியாவின் மகோண்டே மொழியில் 'உடல் வளைந்துபோவது' என்ற பொருளில் 1952-ல் வந்த கொள்ளைநோயின்போது ஏற்பட்ட பெயர் அது. பார்க்கின்சன், ஹான்சன் என்று ஆள் பெயரில் வருபவையும் அப்படியே. வால் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிட்டு அகராதிக்குப் போங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மருத்துவ அகராதிகளைப் புரட்டலாம். தமிழ்க் கலைச்சொல் வேண்டுமென்றால் அரசின் சொற்குவை தளம் இருக்கிறது. ஆனால் வீட்டில் பெரியவருக்கு விளக்கும்போது கலைச்சொல்லைத் தூக்கி வைத்துவிட்டு 'பித்தப்பையில கல்லு, வீங்கியிருக்கு' என்று சொல்வதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

சீட்டில் மிஞ்சிய லத்தீன்

மருந்துச் சீட்டின் தலையில் ஆங்கில 'ஆர்' எழுத்தின் காலில் கோடு போட்டது மாதிரி ஒரு குறி இருக்கும். 'ரெசிபி', எடுத்துக்கொள் என்ற லத்தீன் ஏவல். சமையல் ரெசிபியும் அதேதான். கீழே வரும் எழுத்துகளில் பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, ஹெச்.எஸ். படுக்கும்போது, ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின், ஸ்டாட் என்றால் இப்போதே ஒரு தடவை. எஸ்.ஓ.எஸ். என்பதைப் பார்த்துக் கப்பல் மூழ்குகிறது என்று பயப்பட வேண்டாம். 'தேவைப்பட்டால்' என்று பொருள். வலி இருந்தால் மட்டும் போட வேண்டிய மாத்திரையைத் தினமும் விழுங்குபவர்கள் இந்த மூன்றெழுத்தைக் கவனிக்காதவர்கள்தான்.

ஓ.டி. தான் வில்லன். பொதுச் சீட்டில் நாளுக்கு ஒரு வேளை. கண் சீட்டில், லத்தீன் சொற்களின் முதலெழுத்தாக, வலது கண். ஓ.எஸ். இடது கண், ஓ.யூ. இரண்டு கண்ணும். கண் மருந்துச் சீட்டில் ஓ.டி. என்று மட்டும் இருந்தால், 'எந்தக் கண், எத்தனை வேளை' என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

மாத்திரைக்கும் வால் உண்டு

பிராண்டு பெயரில் எதுவும் கண்டுபிடிக்க முடியாது, கம்பெனி இஷ்டப்படி வைப்பது. அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் ஜெனரிக் பெயரைப் படியுங்கள். ஒரே குடும்பத்து மருந்துகளுக்கு ஒரே வால் வைப்பதை உலக சுகாதார நிறுவனம் முறைப்படுத்தியிருக்கிறது. 'சார்டன்' (டெல்மிசார்டன், லோசார்டன்), 'ப்ரில்', 'டிபின்' (அம்லோடிபின்) எல்லாம் பிரஷர் மாத்திரைகள். 'லால்' (அட்டெனலால், மெட்டோப்ரலால்) பிரஷருக்கும் இதயத் துடிப்பைக் குறைக்கவும். 'ப்ரசோல்' வயிற்று அமிலத்துக்கு. 'கிளிப்டின்' சர்க்கரைக்கு. 'சிலின்' பெனிசிலின் குடும்பம், பெனிசிலின் ஒவ்வாதவர் அமாக்சிசிலின் அட்டையைப் பார்த்ததும் நிறுத்திக் கேட்க வேண்டும்.

இங்கும் நீளமான வாலைத்தான் பிடிக்க வேண்டும். வெறும் 'அசோல்' என்று பிடித்தால் பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோலும் கிருமிக்கான மெட்ரோனிடசோலும் கூட்டத்தில் வந்து நிற்கும். 'ஸ்டாட்டின்' என்று பிடித்தால் நிஸ்டாட்டின் மாட்டிக்கொள்ளும். அது கொலஸ்ட்ரால் மருந்தல்ல, வாய்ப்புண் பூஞ்சைக்கானது, நியூயார்க் மாநிலத்தின் பெயரை வைத்தது. கொலஸ்ட்ரால் குடும்பத்தின் முழு வால் 'வாஸ்டாட்டின்'.

மயிலாப்பூரில் ஒரு டாக்டர், தாம்பரத்தில் ஒரு டாக்டர் என்று பார்க்கும் பெரியவர்கள் வீட்டில் மருந்துப் பையைக் கவிழ்த்துக் கொட்டி, எல்லா அட்டையின் ஜெனரிக் பெயர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே வால் இரண்டு இடத்தில் வந்தால், உதாரணமாக ஓர் அட்டையில் டெல்மிசார்டன், இன்னொன்றில் லோசார்டன், ஒரே வேலைக்கு இரண்டு மாத்திரை போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டிய இடம் அது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து கலந்திருப்பதும் உண்டு, அதனால் பெயரை 'பிளஸ்' குறிக்குப் பின்னாலும் படியுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாமல், அந்தத் தாளையும் அட்டைகளையும் அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப் போங்கள். தலைசுற்றலோ தள்ளாட்டமோ இருந்தால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் அன்றே போனில் கேளுங்கள்.